புதுநெறி ஜாஸ் இசைத்தட்டுக்கள்: தொகுத்தலும் துய்த்தலும்

தோற்றுவாய்

ஏட்டில் எழுதப்பெற்ற கலை நெடுங்காலம் வாழும். ஒலியில் அமைந்த கலை ஒலித்த அளவிலே மாயும். புலவன் யாத்த செய்யுளை ஓலை காக்கும். ஓவியன் தீட்டிய உருவைச் சுவர் காக்கும். சிற்பி செதுக்கிய வடிவைக் கல் காக்கும். இசைவாணன் ஒரு நொடியிற் கற்பித்து அந்நொடியிலேயே இசைத்த இன்னிசையைக் காப்பது யாது? முன்னரே எழுதிவைத்த இசையாயின் அதன் குறியீட்டுத் தாள் ஓரளவு காக்கும். எழுதாமல் தோன்றும் இசைக்கோ, கேட்டாருடைய நெஞ்சமன்றிப் பிறிதொரு புகலிடம் நெடுநாள் இல்லாதிருந்தது. அக்குறையை நீக்க வந்தது இசைத்தட்டு.

இவ்வுண்மை எவ்விசைக்கும் பொருந்துமெனினும், அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் உலகிற்கு அளித்த ஜாஸ் இசைக்குச் சாலவும் பொருந்தும். அவ்விசையுள்ளும் 1959ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறையப் பன்னீராண்டளவும் தழைத்த புதுநெறி ஜாஸ் இசைக்கு இசைத்தட்டே மூலநூல், இசைத்தட்டே வரலாறு. அத்தட்டுக்களைத் தேடித் தொகுக்கும் அன்பர் இன்று உலகெங்கும் உளர். அவர் செயல் அறிவுடையார் செயலோ, பொருளாசையுடையார் செயலோ என்னும் வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. அத்தட்டுக்கள் தோன்றிய வரலாறு யாது, தொகுப்பார் அறியவேண்டுவன யாவை, துய்க்கும் முறை எவ்வாறு என்பவற்றை முறையே ஆராய்ந்து, அவ்வினாவிற்கு விடை காண முயல்வோம்.

ஜாஸ் இசையின் இயல்பு

ஜாஸ் இசை அமெரிக்காவின் தென்பாலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருப்பெற்றது. ஆப்பிரிக்காவினின்றும் அடிமைகளாகக் கொணரப்பெற்றாருடைய வழித்தோன்றல்கள் வயலிற் பாடிய உழைப்புப் பாட்டும், துயரந் தோய்ந்த புளூஸ் பாட்டும், திருச்சபையிற் பாடிய ஞானப்பாட்டும், தெருவிற் சென்ற பித்தளை வாத்தியக் குழுக்களின் முழக்கமும் அதன்கண் ஒருங்கு கலந்தன. ஜாஸ் என்னும் பெயரோடு முதல் இசைத்தட்டு 1917ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இசைத்தவர் வெள்ளையர் என்பது வரலாற்றின் முரண்பாடுகளுள் ஒன்று.

இவ்விசையின் உயிர்நாடி உடனுக்குடன் கற்பித்து இசைத்தலே யாம். குழுவினர் முதற்கண் ஒரு பாட்டின் மெட்டை இசைப்பர். பின்னர், அம்மெட்டிற்கு அடிப்படையாகிய சுரக்கூட்டுக்களின் வரிசையைப் பியானோவும், பாஸ் என்னும் பெருநரம்புக் கருவியும் மீண்டும் மீண்டும் சுழற்றிவர, எக்காளமோ சாக்ஸபோனோ அவ்வரிசைக்கு இயையப் புதுப்புது இசையைக் கற்பித்துச் செல்லும். புளூஸ் பாட்டாயின் பன்னிரண்டு தாளவட்டமும், நாடகப் பாட்டாயின் பெரும்பாலும் முப்பத்திரண்டு தாளவட்டமும் ஒரு சுற்றாகும். யாப்பின் வரையறைக்குள் நின்று பாவலன் பாடுமாறு போல, அச்சுற்றின் வரையறைக்குள் நின்று இசைவாணன் கற்பிப்பான் என்க. 1940ஆம் ஆண்டுகளில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி முதலியோர் தோற்றுவித்த 'பீபாப்' என்னும் முறை அவ்வரையறையை மிகக் கடினமாக்கியதேயன்றி நீக்கியதில்லை.

மற்றொன்றும் ஈண்டு அறியத்தகும். பழைய அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழல்வது. அதன் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமளவே இசை அடங்கும். 1948ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனத்தார் நிமிடத்திற்கு 33 1/3 முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டனர். அதன் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்திற்கு மேலும் இசை அடங்கிற்று. மூன்று நிமிடத்திற்குள் முடிந்தாகவேண்டும் என்னும் தளை அறுந்தவுடன், இசைவாணர் தம் எண்ணத்தை அதன் எல்லைவரை தொடர்ந்து செல்ல இடம் பிறந்தது. நாம் ஆராயப் புகுந்த புதுநெறிக்கு இக்கருவி மாற்றமும் ஒரு காரணமாம்.

புதுநெறி பிறந்த வரலாறு

டெக்ஸாஸ் மாகாணத்துப் போர்ட் வொர்த் நகரில் 1930ஆம் ஆண்டிற் பிறந்தவர் ஆர்னெட் கோல்மன். அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மின்தூக்கி இயக்கும் வேலை செய்துகொண்டே இசைநூல்களைத் தாமாகக் கற்றார். உலோகத்தாலாய சாக்ஸபோன் வாங்கப் பொருளின்மையின், வெண்ணிறப் பிளாஸ்டிக்காலாய சாக்ஸபோன் ஒன்றை வாங்கி வாசித்தார். உடன் வாசிக்க ஒருப்படாது மேடையைவிட்டு இறங்கினாரும் உண்டு. 1959ஆம் ஆண்டில் அவர் பதிவுசெய்த தட்டிற்கு 'தி ஷேப் ஆப் ஜாஸ் டு கம்', அஃதாவது 'வரவிருக்கும் ஜாஸின் வடிவம்' என்று பெயர் சூட்டப்பெற்றது. அதன்கண் பியானோ இல்லை; ஆதலின் சுரக்கூட்டுக்களின் வரிசையைச் சுழற்றுவாரும் இல்லை. மெட்டின் உணர்ச்சியும், உடன் வாசிப்பார் கூறும் விடையுமே இசைவாணனுக்கு வழிகாட்டும். அத்தட்டில் 'லோன்லி உமன்' என்னும் முதல் உருப்படியில் முழவு விரைந்தோடுகின்றது. அதன்மேல் கோல்மனின் சாக்ஸபோனும் டான் செரியின் சிற்றெக்காளமும் அவ்விரைவிற்குக் கட்டுப்படாது மெல்ல இழைந்து இரங்குகின்றன. ஓடும் ஆற்றின் மேல் நின்று ஒருவர் அழுவது போன்ற அவ்வோசையை ஒருமுறை கேட்டார் மறவார்.

அவ்வாண்டு நவம்பரில் நியூயார்க் நகரத்து 'பைவ் ஸ்பாட்' என்னும் சிற்றரங்கில் கோல்மன் குழுவினர் வாசிக்கத் தொடங்கினர். இரண்டு வாரத்திற்கென அமைந்த அந்நிகழ்ச்சி மேலும் பல வாரம் நீண்டது. லெனர்ட் பெர்ன்ஸ்டைன் போன்ற பேரிசை வல்லுநர் வந்து கேட்டுப் பாராட்டினர். மைல்ஸ் டேவிஸ் போன்ற ஜாஸ் மேதையர் வெறுத்துரைத்தனர். பாராட்டும் பழிப்பும் ஒருங்கு எழுவது புதுமையின் அடையாளம் போலும்!

1960ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் கோல்மன் எண்மரைக் கூட்டி, நால்வர் நால்வராக இரு குழுவமைத்து, ஏறக்குறைய 37 நிமிடம் இடையறாது இசைத்ததைப் பதிவுசெய்தார். 'பிரீ ஜாஸ்' என்பது அத்தட்டின் பெயர். 'தளையற்ற ஜாஸ்' என்று பொருள்படும் அப்பெயரே பின்னர் அந்நெறி முழுமைக்கும் பெயராயிற்று.

இவ்வாறே பிறரும் தத்தம் வழியிற் சென்றனர். நியூயார்க்கிற் பிறந்து இசைக்கல்லூரியிற் பயின்ற செசில் டெய்லர் பியானோவை நரம்புக் கருவியாகக் கருதாது முழவுக் கருவியாகவே கையாண்டார். அவர் புகழ்பெற்ற 'யூனிட் ஸ்ட்ரக்சர்ஸ்' தட்டு 1966ஆம் ஆண்டினது. அதற்கு முன் பிழைப்பின் பொருட்டு உணவகத்தில் எச்சிற்கலங் கழுவவும் நேர்ந்தது. 1961ஆம் ஆண்டில் 'டவுன் பீட்' என்னும் இசையிதழில் எழுதிய திறனாய்வாளர் ஒருவர் ஜான் கோல்ட்ரேன், எரிக் டால்பி என்னும் இருவருடைய இசையை 'ஜாஸ் எதிர்ப்பு' என்று பழித்தார். மறு ஆண்டு அவ்விருவரும் அவ்விதழிலேயே அமைதியாக விடையிறுத்தனர். 1964ஆம் ஆண்டு அக்டோபரில் பில் டிக்சன் என்பார் நியூயார்க்கில் ஒரு சிறிய காப்பிக்கடையில் நான்கு நாள் இசைவிழா நடத்தி, அரங்கு கிடையாத புதுநெறியாளர்க்கு அரங்கு தந்தார். மறு ஆண்டு சிகாகோ நகரில் மூகல் ரிச்சர்டு ஏப்ரம்ஸ் முதலியோர் இசைவாணர் கழகம் ஒன்று கண்டனர். அக்கழகத்தைச் சார்ந்த ராஸ்கோ மிட்செல் 1966இல் வெளியிட்ட 'சவுண்ட்' என்னும் தட்டில், ஒலியைப் போலவே மௌனமும் இசையின் உறுப்பாக அமைந்துள்ளது.

துன்பமும் வேண்டுதலும்

நிற்க. இவ்விசை கட்டுப்பாட்டை வெறுத்தாருடைய வீண் ஆரவாரமே என்பாரும் உளர். அவர் அக்காலத்து அமெரிக்க வரலாற்றை மறந்தார் ஆவர். 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாகாணத்துப் பர்மிங்காம் நகரிலுள்ள கறுப்பின மக்களின் பாப்டிஸ்டு திருச்சபையில், இனவெறியர் வைத்த வெடிகுண்டால் நான்கு சிறுமியர் மாண்டனர். அவருள் மூவர் பதினான்கு வயதினர். ஒருத்தி பதினொரு வயதினள். இரண்டு திங்கள் கழித்துக் கோல்ட்ரேன் 'அலபாமா' என்னும் உருப்படியைப் பதிவுசெய்தார். அஃது அச்சிறுமியரை நினைந்த இரங்கலென்றே யாவரும் கொள்வர். ஆரவாரம் அதன்கண் சிறிதுமில்லை. அடக்கிய அழுகையே உண்டு. ஆலயத்திற்குச் சென்ற பிள்ளைகள் திரும்பாத வீட்டின் அமைதியை நாம் அதன்கண் கேட்கின்றோம்.

கோல்ட்ரேனின் பாட்டனார் இருவரும் மெதடிஸ்டு மரபின் போதகர்கள். அவர் இளமையிற் குடிக்கும் போதைமருந்திற்கும் அடிமையாகி, 1957ஆம் ஆண்டில் இறையருளால் விடுதலை பெற்றதாகத் தாமே எழுதினார். அவ்வருளுக்கு நன்றிப்பலியாக 1964ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் பதிவுசெய்யப்பெற்றதே 'ஏ லவ் சுப்ரீம்'. 'உன்னத அன்பு' என்பது அதன் பொருள். நான்கு பகுதிகளை உடைய அதன் இறுதிப் பகுதிக்குச் 'சங்கீதம்' என்று பெயர். தமிழ் வேதாகமத்தைப் பயின்ற நமக்கு இப்பெயர் பெருவியப்பளிக்கின்றது. தாவீதரசர் பாடிய துதிப்பாடலையும் இசையையும் 'சங்கீதம்' என்னும் ஒரு சொல்லாலேயே நம் தமிழ் சுட்டுகின்றதன்றோ? கோல்ட்ரேன் அவ்விரண்டையும் செயலிலேயே ஒன்றாக்கினார். தாம் எழுதிய துதிப்பாடலைத் தட்டின் உறையில் அச்சிடுவித்து, இறுதிப் பகுதியில் அப்பாடலின் சொற்களை அசையசையாகச் சாக்ஸபோனால் ஓதினார். உறையைக் கையிலேந்தி வரிவரியாகப் படித்துக்கொண்டே கேட்பார்க்கு, ஊமைக் கருவி வாய்திறந்து மன்றாடுவது விளங்கும்.

ஆல்பர்ட் அய்லர் கிளீவ்லாண்டு நகரில் 1936இற் பிறந்தவர். எளிய ஞானப்பாட்டையும் படைநடையையும் ஒத்த மெட்டுக்களை எடுத்து, அவற்றைக் கதறலாகவும் களிப்பாகவும் உருமாற்றினார். 1964ஆம் ஆண்டு ஜூலையிற் பதிவான அவருடைய 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' அரைமணி நேரத்திற்குட்பட்ட சிறு தட்டு. எனினும் அதன் ஆற்றல் பெரிது. 1967ஆம் ஆண்டு ஜூலையிற் கோல்ட்ரேன் நாற்பது வயதில் இறந்தபொழுது, நியூயார்க் நகரத்து லுத்தரன் ஆலயத்தில் நிகழ்ந்த அடக்க ஆராதனையில் அய்லர் குழுவும் கோல்மன் குழுவும் வாசித்தன. மூன்றாண்டு கழித்து அய்லரின் உடல் அந்நகரத்து ஆற்றிற் கண்டெடுக்கப்பட்டது. அப்பொழுது அவருக்கு வயது முப்பத்துநான்கே.

நம் நாட்டோடும் இவ்வரலாற்றிற்கு ஒரு மெய்த்தொடர்பு உண்டு. கோல்ட்ரேன் இந்திய இசையை விரும்பிப் பயின்று, 1961இல் 'இந்தியா' என்றே ஓர் உருப்படி பதிவுசெய்தார். தம் மகனுக்குச் சித்தார் மேதை ரவிசங்கரின் பெயரை இட்டார். அவர் மறைவிற்குப்பின் துயருற்ற துணைவியார் ஆலிஸ் கோல்ட்ரேன், கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்திற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சச்சிதானந்த அடிகளிடம் ஆறுதல் பெற்றார். 1971இல் வெளிவந்த அவ்வம்மையாரின் தட்டு அவ்வடிகளின் பெயரையே தாங்கியுள்ளது. அதன்கண் யாழொத்த ஹார்ப்பும் நம் தம்புராவும் சாக்ஸபோனும் ஒருங்கு இசைக்கின்றன.

தட்டுக்களை வெளியிட்டோர்

இத்தகைய இசையை விரும்பி வாங்குவார் அக்காலத்து மிகச் சிலரே. ஆதலின் பெரும்பாலான தட்டுக்களைச் சிறு நிறுவனங்களே சிறு தொகையில் வெளியிட்டன. அட்லாண்டிக், இம்பல்ஸ் என்னும் நிறுவனங்கள் முறையே கோல்மனையும் கோல்ட்ரேனையும் ஆதரித்தன. ஜெர்மனியினின்றும் குடிபுகுந்த ஆல்பிரட் லயன் 1939இல் நிறுவிய புளூ நோட் நிறுவனம், பிரான்சிஸ் உல்ப் எடுத்த நிழற்படங்களாலும் ரீட் மைல்ஸ் அமைத்த உறைகளாலும் பெயர்பெற்றது. பெர்னார்டு ஸ்டோல்மன் என்னும் வழக்கறிஞர் நிறுவிய இ.எஸ்.பி. நிறுவனத்தின் முதல் வெளியீடு, எஸ்பராந்தோ என்னும் உலகப் பொதுமொழியைப் பரப்புவதற்கான தட்டு. நிறுவனத்தின் பெயரும் அம்மொழிப் பெயரின் சுருக்கமே. அதுவே பின்னர் அய்லர் முதலியோரின் புகலிடமாயிற்று.

சன் ரா என்பார் செய்தது இன்னும் வியப்பிற்குரியது. அவர் தம் நண்பர் ஆல்டன் ஏப்ரகாமோடு சேர்ந்து 1950ஆம் ஆண்டுகளிலேயே சிகாகோவில் 'சாட்டர்ன்' என்னும் தம் சொந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தட்டுக்களைச் சிறுசிறு தொகையில் அச்சிட்டு, உறைகள் சிலவற்றைக் கையாலேயே தீட்டி, கச்சேரி நிகழும் இடத்திலேயே விற்றனர். ஒரே தட்டின் இரு படிகள் ஒன்றை ஒன்று ஒவ்வாதிருத்தலும் உண்டு. ஐரோப்பாவிலும் இவ்வுணர்ச்சி பரவியது. பீட்டர் புரோட்ஸ்மன் என்னும் ஜெர்மானியர் 1968இல் 'மெஷின் கன்' என்னும் தட்டைத் தாமே வெளியிட்டார். 1969இல் பெர்லினில் எப்.எம்.பி. என்னும் நிறுவனமும், 1970இல் இலண்டனில் இன்கஸ் என்னும் நிறுவனமும் இசைவாணர்களாலேயே நிறுவப்பட்டன. 1969ஆம் ஆண்டுக் கோடையில் சிகாகோக் கழகத்தாரும் நியூயார்க்கினரும் பாரிஸ் நகரிற் கூடியபொழுது, பி.ஒய்.ஜி. என்னும் பிரெஞ்சு நிறுவனம் சில வாரங்களுள் அவர்களுடைய பல தட்டுக்களைப் பதிவுசெய்தது.

தொகுப்போன் அறியவேண்டுவன

ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்குவார் பாடபேதங்களை அறிதல் வேண்டுமாறு போல, இசைத்தட்டைத் தொகுப்பாரும் பதிப்பு வேறுபாடுகளை அறிதல் வேண்டும். இதற்குக் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' தக்க சான்று. 1965ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பதினொருவர் கூடி அவ்வுருப்படியை இருமுறை முழுமையாக இசைத்தனர். முதலில் வெளிவந்த தட்டில் ஒன்று இடம்பெற்றது. பின்னர்க் கோல்ட்ரேன் மற்றதையே விரும்பியமையால், உறையும் எண்ணும் மாறாமலே உள்ளிருக்கும் இசை மாற்றப்பட்டது. வெளித்தோற்றத்தால் வேறுபாடு அறிதல் அரிது. தட்டின் நடுவே, இசை முடிந்தபின் உள்ள வெற்றுவரையில் 'எடிஷன் 2' எனக் கீறப்பட்டிருத்தலே அடையாளம். இக்காலத்து மறுபதிப்புக்களில் இரண்டையும் ஒருங்கே கேட்கலாம்.

அவ்வெற்றுவரை தட்டின் பிறப்புச் சான்றிதழ் எனத்தகும். புளூ நோட் தட்டுக்களில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயரோ பெயரெழுத்தோ ஆண்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். நிறுவனம் 1966இற் கைமாறுமுன் அச்சிடப்பட்டவற்றில், காதைப் போன்ற தோற்றமுடைய ஒரு சிறு குறியும் காணப்படும். அஃது அச்சிட்ட ஆலையின் அடையாளம். ஒருவழி ஒலிப்பதிப்பு, இருவழி ஒலிப்பதிப்பு என்னும் வேறுபாடும் கருதத்தக்கது. 'பிரீ ஜாஸ்' தட்டின் இருவழிப் பதிப்பில் ஒரு நால்வர் குழு இடச்செவிக்கும் மற்றது வலச்செவிக்கும் கேட்கும்; ஒருவழிப் பதிப்பிலோ அவ்வுரையாடல் ஒன்றாய்க் கலந்துவிடும். முதற்பதிப்பின் உறையில் வெட்டப்பட்ட சாளரத்தின் வழியே ஜாக்சன் பாலக்கின் ஓவியத்துள் ஒரு பகுதி மட்டும் தோன்றும். உறையை விரித்தால் ஓவியம் முழுதும் காணலாம்.

தட்டுக்களைக் காக்கும் முறையும் எளிது. நிமிர்த்தி அடுக்குக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தாதொழிக. வெயிலும் வெப்பமும் தட்டை வளைக்கும். ஆதலின் சன்னலோரத்தில் வையற்க. விளிம்பை மட்டும் தொடுக. தேய்ந்த ஊசி, தான் செல்லும் வரையைத் தானே அழிக்கும். அதனைக் காலத்தில் மாற்றுக.

கேட்கும் முறை

யாம் முதன்முறை 'அசென்ஷன்' தட்டைக் கேட்டபொழுது ஐந்து நிமிடத்திற்குமேற் பொறுத்திலேம். இஃது இசையன்று, சந்தை இரைச்சல் என்றே முடிவு செய்தோம். பின்னர் 'ஏ லவ் சுப்ரீம்' தட்டின் இறுதிப் பகுதியை உறையிலுள்ள பாடலோடு கேட்ட ஓரிரவில், இவர் பொருளின்றி ஊதுவார் அல்லர் என்பது புலனாயிற்று. அதன்மேல் 'அசென்ஷ'னுக்கு மீண்டோம். பதினொருவரும் ஒருங்கு எழுப்பும் பேரோசை எழுந்து அடங்கியபின் ஒருவர் தனித்து இசைக்க, அவர் முடித்தவுடன் மீண்டும் பேரோசை எழும் ஒழுங்கு விளங்கிற்று. ஊழியர் ஒருவர் மன்றாட, சபையார் யாவரும் ஒருங்கு குரலெழுப்பி 'ஆமென்' கூறும் ஆராதனை நினைவிற்கு வந்தது. இசை மாறவில்லை, நம் செவியே மாறியது.

இவ்வனுபவத்தால் யாம் கண்ட முறை நான்கு. முதலாவது, ஒரு தட்டை ஒருநாள் ஒரு கருவியையே பின்பற்றிக் கேட்டல். மறுநாள் மற்றொரு கருவியைப் பின்பற்றுதல். இரண்டாவது, தொடக்கத்திலுள்ள மெட்டை மனத்திற் பதித்து, அஃது எங்கே சிதைகின்றது, எங்கே மீள்கின்றது என்று நோக்குதல். மூன்றாவது, தாளத்தை எண்ண முயலாமை. அய்லரோடு வாசித்த சன்னி மரே போன்றார் முழவிற் காலத்தை எண்ணுவாரல்லர், அலைபோலப் பெருக்குவார். நான்காவது, பழையதைக் கேட்டபின் புதியதைக் கேட்டல். புளூஸ் பாட்டையும் ஞானப்பாட்டையும் அறியாதார்க்குப் புதுநெறி விளங்காது. சான்றோர் செய்யுளை அறியாதார்க்குப் பின்வந்தார் செய்த மாற்றம் மாற்றமாகவே தோன்றாததுபோல என்க.

தொடங்குவார்க்கு எரிக் டால்பியின் 'அவுட் டு லஞ்ச்' மிகத் தக்கது. 1964ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் பதிவான அத்தட்டில் முழவு வாசித்த டோனி வில்லியம்ஸ் அப்பொழுது பதினெட்டு வயதினர், நம்மினும் இளையர்! உறையில் ஒரு கடையின் கதவுப் பலகை காணப்படுகின்றது. 'திரும்பி வருவோம்' என்னும் சொல்லும், பல முட்கள் பல திசை காட்டும் ஒரு கடிகாரமும் அதிலுள்ளன. டால்பி ஐரோப்பா சென்று, அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் பெர்லினில் நீரிழிவு நோயால் முப்பத்தாறு வயதில் இறந்தார். தட்டு அதன்பின்னரே வெளிவந்தது. அவ்வுறையைக் காணுந்தோறும் நம் நெஞ்சு கனக்கின்றது.

இனி, புதுநெறி என்னும் பெயர் தாங்கியவை எல்லாம் சிறந்தனவாகா. வரையறையை நீக்கியபின், சொல்லுதற்கு ஒன்றுடையான் சொல்லுவான், இல்லான் கூவுவான். இவ்விரண்டனையும் பிரித்தறிதலே இரசிகனின் கடமை. அரிய தட்டு என்பதனாலேயே அது நல்ல தட்டாகாது.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இனி விடை கூறுவோம். அந்நாளில் விலைபோகாது கிடந்த முதற்பதிப்புக்கள் இன்று பல நூறு டாலருக்கும் அதற்கு மேலும் விற்கின்றன. அப்பணத்துள் ஒரு காசும் எச்சிற்கலங் கழுவிய கைகட்கும், பிளாஸ்டிக் சாக்ஸபோன் ஏந்திய கைகட்கும் சென்றதில்லை. இதனை எண்ணுந்தோறும் தொகுப்போன் நாணுதல் தகும். கேளாமல் உறைபிரியாது பூட்டிவைப்போன், தாலந்தை நிலத்திற் புதைத்துவைத்த ஊழியக்காரனை ஒப்பான். அவன் பொருள் பூச்சிக்கும் துருவுக்குமே உரியது.

ஆயினும் காப்பார் இல்லாதிருப்பின் இழப்பு எத்துணைத்தாகும் என்பதனையும் கருதுவோம். கோல்ட்ரேன் 1963ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் பதிவுசெய்த ஒரு முழுத் தட்டிற்குரிய இசையின் மூலநாடா அழிந்தொழிந்தது. அவர் தம் முதல் மனைவியார் நைமாவிடம் கொடுத்திருந்த ஒரு படி, அவ்வம்மையாரின் குடும்பத்தாரிடம் இருந்தமையால், அவ்விசை ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து 2018இல் வெளிவந்தது. 1961இல் அவரும் டால்பியும் ஒருங்கு வாசித்த ஒரு கச்சேரியின் நாடா நியூயார்க் பொதுநூலகத்திற் கிடந்து 2023இல் வெளிவந்தது. சன் ராவின் கைவண்ண உறைத் தட்டுக்கள் 1990ஆம் ஆண்டுகளிற் குறுந்தட்டுக்களாக மறுபிறப்பெய்தின. வீட்டாரும் நூலகத்தாரும் அன்பர்களும் விலை கருதாது வைத்துக் காத்தமையாலன்றோ இவை நமக்குக் கிடைத்தன!

ஆகவே, தொகுத்தல் துய்த்தலின் பொருட்டாகுக. துய்த்தல் பகிர்தலின் பொருட்டாகுக. முதற்பதிப்பு வாங்கப் பொருளில்லாதார் வருந்தற்க. மறுபதிப்பும் இணையவழியும் இன்று அவ்விசையை எளியோர் செவிக்கும் கொணர்கின்றன. தட்டு உடையவன் தன் அறைக்கு இருவரை அழைத்து ஒரு பக்கம் கேட்பிப்பானாயின், அவன் செல்வம் அன்றே இரட்டித்தது. மறுத்தாரையும் வறுமையையும் பொருட்படுத்தாது தம் உள்ளத்திற் பிறந்ததை உண்மையாக ஒலித்துச் சென்ற அவ்விசைவாணர்க்கு நாம் செலுத்தற்குரிய கடன் ஒன்றே: அமர்ந்து, அமைதியாக, இறுதிவரை கேட்டல். அக்கடனைச் செலுத்தும் செவிகளை இறைவன் நமக்கு அருள்வாராக!